எப்பிராயீமும் யூதாவும்: பொருநைக் கரையில் ஒரு தீர்க்கதரிசனம்

பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகள் வருங்காலத்தை முன்னறிந்து சொன்ன மகான்கள் என்பதே நம்மிடையே வழங்கும் பொதுவான எண்ணம். அது பிழையன்று, ஆயினும் அவர்களுடைய வாக்குகளை நிதானமாக வாசித்து வருபவர்க்கு, எந்த இராஜ்யம் எப்பொழுது வீழும் என்பதைக் காட்டிலும், ஒரே குலத்தில் தோன்றி ஒரே தெய்வத்தை வணங்கியவர்கள் எவ்வாறு பகைவராயினர், அப்பகை எவ்வாறு தீரும் என்னும் கேள்வியே அவர்களுள் பலருடைய உள்ளத்தை ஓயாது அரித்துக்கொண்டிருந்தது என்பது விளங்கும். அந்நியரின் பகைக்கு அவர்களிடம் விடை ஆயத்தமாக இருந்தது. சகோதரப் பகைக்கு விடை தேடுகையில்தான் அவர்கள் திணறுகிறார்கள், ஒருவரோடொருவர் மாறுபடுகிறார்கள், சில வேளைகளில் தம்மோடு தாமே மாறுபடுகிறார்கள். அம்மாறுபாடுகளை மறைத்து, முடிவில் யாவரும் ஒன்றாவர் என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவது பிரசங்க மேடைக்குப் பொருந்தலாம், ஆராய்ச்சிக்குப் பொருந்தாது.

இந்தக் கேள்வியைத் திருநெல்வேலிச் சீமையில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பாளையங்கோட்டையில் 1780-ஆம் ஆண்டு நாற்பது பெயர்களோடு எழுதப்பட்ட சபைப் பதிவேட்டிலிருந்து தொடங்கி, பொருநை எனப்படும் தாமிரபரணி பாயும் வயற்புறங்களிலும், அதற்குத் தெற்கே செம்மண் தேரிகளையும் பனங்காடுகளையும் அடுத்த ஊர்களிலும் பரவிய சபைகள், இவ்வாக்குகளைத் தமிழில் தலைமுறை தலைமுறையாக வாசித்து வந்திருக்கின்றன. அதே காலத்தில் அவை மிஷன் சங்கங்களால் பிரிந்தன, சாதிகளால் பிரிந்தன, பின்பு சபை ஐக்கிய முயற்சிக்கு இந்தியா முழுவதற்கும் முன்னோடிகளைத் தந்து நின்றன. வாக்கை வாசித்தவர்களின் வாழ்வு அந்த வாக்குக்கு எழுதப்பட்ட உரையாக அமைவதுண்டு. சில இடங்களில் அது மூலத்தோடு முரணும் உரையாகவும் அமைந்துவிடுகிறது.

முதலில் மூலம். சாலொமோன் மாண்டபின், கி.மு. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அவன் குமாரன் ரெகொபெயாம் முடிசூட்டிக்கொள்ளச் சீகேமுக்குப் போனான். வட நாட்டார் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: தகப்பன் சுமத்திய ஊழியச் சுமையைக் குறைக்கவேண்டும் என்பது. முதியோர் சொன்ன யோசனையைத் தள்ளி, தன்னோடு வளர்ந்த இளைஞர் சொன்னபடி, சுமையை இன்னும் கூட்டுவேன் என்று அவன் விடை கொடுத்தான்; கட்டாய வேலைக்குத் தலைவனாயிருந்த அதோராமை ஜனங்கள் கல்லெறிந்து கொன்றார்கள்; எப்பிராயீம் கோத்திரத்தானாகிய யெரொபெயாம், இஸ்ரவேல் என்றும் எப்பிராயீம் என்றும் வழங்கிய வட நாட்டுக்கு அரசனானான்; தெற்கே யூதா ரெகொபெயாமிடம் நின்றது. பிரிவினையின் மூலம் உபதேசமன்று, கட்டாய வேலை. பெத்தேலிலும் தாணிலும் கன்றுக்குட்டி விக்கிரகங்களை நாட்டி மதப் பிரிவினையும் செய்தது அதற்குப் பின்னரே. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்வது நலம்; ஏனெனில் பிற்காலத்தில் இச்சரித்திரத்தைப் போதித்தவர்கள் கன்றுக்குட்டிகளை மறந்ததில்லை, அதோராமை நினைத்ததும் இல்லை.

இருநூறு ஆண்டுகள் சென்றபின் இரு நாடுகளும் நேருக்கு நேர் மோதின. இஸ்ரவேலின் அரசன் பெக்கா சீரியரோடு சேர்ந்து யூதாவின் ஆகாஸை நெருக்கிய அந்தப் போரில், யூதாவிலிருந்து திரளான பெண்டிரும் பிள்ளைகளும் சிறைபிடிக்கப்பட்டுச் சமாரியாவுக்குக் கொண்டுவரப்பட்டதாக நாளாகமம் கூறுகிறது. அப்பொழுது ஓதேத் என்னும் தீர்க்கதரிசி, வெற்றியோடு திரும்பும் சேனைக்கு எதிரே போய், சகோதரரை அடிமைகளாக்கலாகாது என்று தடுத்தான். எப்பிராயீமின் தலைவர் நால்வர் அவன் பக்கம் நின்றனர். கொள்ளைப் பொருளிலிருந்தே சிறைப்பட்டவர்களுக்கு உடையும் மிதியடியும் கொடுத்து, உண்ணவும் குடிக்கவும் தந்து, தளர்ந்தவர்களைக் கழுதைகளின்மேல் ஏற்றி எரிகோவரை கொண்டுபோய்விட்டார்கள். ஐக்கியத்தைப் பற்றிப் பேசும் எந்தப் பெரிய வாக்கையும்விட இந்தச் சிறு வரலாறு என் மனத்துக்கு நெருக்கமானது. இதில் வருங்காலம் ஒன்றும் இல்லை, அரசியல் உடன்படிக்கையும் இல்லை; வென்றவன் தான் வென்றதைத் திருப்பிக் கொடுத்தான், அவ்வளவே.

இந்தப் போரின் நிழலில் வாழ்ந்தவர் ஏசாயா. அவருடைய நூலின் பதினோராம் அதிகாரத்தில் வரும் வாக்கு (அவர் காலத்ததா, பிற்காலத்துச் சேர்க்கையா என்று அறிஞர் இன்றும் வாதிடுவர்) பகையைப் பொத்தாம்பொதுவாகப் பேசாமல் இரண்டாகப் பிரித்துப் பேசுகிறது. எப்பிராயீமிடம் இருப்பது பொறாமை. யூதாவின் பக்கம் இருப்பது நெருக்குதல். முன்னது நீங்கவேண்டும், பின்னது ஒழியவேண்டும். இருவரும் சமமாகத் தவறினார்கள், இருவரும் சமமாக மனந்திரும்பட்டும் என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு தரப்பின் நோயும் வேறு என்று காண்கிறார். இந்த நுட்பம் வியக்கத்தக்கது. ஆனால் அடுத்த வசனத்தைப் படித்தவுடன் வியப்புக் குறைகிறது: ஒன்றுபட்ட அவ்விருவரும் உடனே மேற்கே பெலிஸ்தர்மேல் பாய்கிறார்கள், கிழக்கே உள்ளவர்களைக் கொள்ளையிடுகிறார்கள், ஏதோமையும் மோவாபையும் கீழ்ப்படுத்துகிறார்கள். சகோதரர் பகை தீர்ந்தது, மூன்றாமவன்மேல் போவதற்காக! பிரசங்கிகள் பலர் பதின்மூன்றாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்வதன் காரணம் எளிதில் விளங்கும்.

அதே நூலின் பத்தொன்பதாம் அதிகாரம் இதற்கு மறுப்பாகவே அமைந்ததுபோலத் தோன்றுகிறது. அங்கே எகிப்துக்கும் அசீரியாவுக்கும் இடையே ஒரு பெருவழி ஏற்படுகிறது. இஸ்ரவேலை அடிமைகொண்ட நாடும், சமாரியாவை அழித்த நாடும், இஸ்ரவேலோடு மூன்றாவதாகச் சேர்ந்து ஆசீர்வாதம் பெறுகின்றன. தேவன் தம் ஜனத்துக்கென்று வழங்கும் உரிமைப் பெயர்கள் அம்மூவருக்கும் பங்கிடப்படுகின்றன. இஸ்ரவேல் முதலாவதன்று, மூன்றாவது. பழைய ஏற்பாட்டில் இதற்கு நிகரான துணிவு வேறெங்கும் இல்லை என்பது என் அபிப்பிராயம். மீகாவும் ஏசாயாவும் ஏறக்குறையப் பொதுவாகச் சொல்லும் வாளும் கொழுவும் பற்றிய வாக்கு இதைவிடப் புகழ் பெற்றது. எனினும் யோவேல் அதையே தலைகீழாக்கிக் கொழுக்களைப் பட்டயங்களாக அடிக்கச் சொல்கிறார் என்பதையும் மறக்கலாகாது.

தலைவன் யார் என்னும் கேள்வியில் தீர்க்கதரிசிகளால் தத்தம் ஊரை விட்டு வெளியே வர முடியவில்லை. வட நாட்டாராகிய ஓசியா, யூதா புத்திரரும் இஸ்ரவேல் புத்திரரும் கூடித் தங்களுக்கு ஒரே தலைவனை ஏற்படுத்திக்கொள்வார்கள் என்கிறார். யார் என்று அவ்விடத்தில் பெயர் சொல்லவில்லை. எருசலேமின் ஆசாரிய குலத்தவரான எசேக்கியேலோ, பாபிலோனியச் சிறையிருப்பில் இருந்துகொண்டு, இரண்டு கோல்களை எடுத்து ஒன்றில் யூதாவின் பெயரையும் மற்றதில் எப்பிராயீமின் கோலாகிய யோசேப்பின் பெயரையும் எழுதி, அவற்றைத் தம் கையில் ஒன்றாகப் பிடித்துக்காட்டி, அந்த ஐக்கியத்தின் அரசன் தாவீதே என்று சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறார். வடக்கு எந்த வம்சத்தை உதறிப் போயிற்றோ அந்த வம்சத்துக்கே திரும்பவேண்டும்! இரு நாடுகளின் எல்லையிலிருந்த பென்யமீன் நாட்டு ஆனதோத்தில் பிறந்த எரேமியாவின் குரல் இதனின்றும் வேறுபடுகிறது. வடக்கு அழிந்து ஒரு நூற்றாண்டு ஆனபின்பும், எப்பிராயீமின் பாட்டியாகிய ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுவதை அவர் கேட்கிறார். எப்பிராயீமைத் தேவன் தம் அருமைக் குமாரனாக நினைந்துருகுவதாகப் பாடுகிறார். புதிய உடன்படிக்கையை இரு வீட்டாருக்கும் சேர்த்தே அறிவிக்கிறார். எல்லையில் பிறந்தவனுக்கு இரு பக்கத்து அழுகையும் கேட்கும் போலும்.

இத்தனைக்கும் பிறகு சகரியாவின் நூல் ஒரு மேய்ப்பனைக் காட்டுகிறது. அவன் கையிலும் இரண்டு கோல்கள் உண்டு. ஆனால் அவன் அவற்றை முறித்துப்போடுகிறான், இரண்டாவதை முறிப்பது யூதாவுக்கும் இஸ்ரவேலுக்கும் இடையிலுள்ள சகோதரத்துவத்தை முறிக்கவே என்று காரணமும் சொல்லப்படுகிறது. எசேக்கியேல் சேர்த்ததைச் சகரியா உடைக்கிறார். இரண்டையும் ஒரே புத்தகக் கட்டுக்குள் வைத்தவர்கள் அறியாமல் வைத்தார்கள் என்று எண்ணுவதற்கில்லை.

சரித்திரம் தந்த முடிவும் இந்த உடைப்பையே ஒத்திருந்தது. எசேக்கியா அரசன் பஸ்காவுக்கு வடக்கே ஓலை அனுப்பியபோது பெரும்பாலோர் நகைத்தனர், சிலர் மட்டும் வந்தனர். சிறையிருப்பிலிருந்து திரும்பினவர்கள் ஆலயம் கட்டியபோது, நாங்களும் கூடக் கட்டுகிறோம் என்று வந்த வடபுறத்தாரைச் செருபாபேல் முதலானோர் மறுத்தனர். இயேசுநாதர் சமாரியப் பெண்ணோடு கிணற்றடியில் பேசும் வரலாற்றின் பின்னே இந்த நீண்ட மறுப்பு நிற்கிறது. சமாரியர் இன்றும் கெரிசீம் மலைமேலும் ஓலோன் நகரிலும் ஆயிரத்துக்கும் குறைந்த தொகையினராக வாழ்கிறார்கள். யூத மரபு யோசேப்பின் குமாரனாகிய மேசியா, தாவீதின் குமாரனாகிய மேசியா என இருவரை எதிர்பார்த்துப் பழைய வழக்கை ஒருவாறு சமாளித்தது. கிறிஸ்தவ உரைகாரர் பலர் இரு கோல்களையும் யூதர், புறஜாதியார் எனக் கொண்டனர். இங்கிலாந்தாரே எப்பிராயீமின் வழித்தோன்றல் என்று வாதித்த ஒரு கூட்டமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

இனிப் பொருநைக் கரை. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ் ஐயர், ஜெர்மானியர், லுத்தரன் அபிஷேகம் பெற்றவர், ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த சி.எம்.எஸ். சங்கத்தின் சம்பளத்தில் வேலை செய்தவர். இந்த மூன்றும் ஒரு மனிதனுக்குள் நெடுங்காலம் சமாதானமாக இருக்க முடியாது என்பது 1835-இல் வெளிப்பட்டது. ஆங்கிலத் திருச்சபையின் முறைகளைக் கண்டித்து அவர் எழுதியதும், உபதேசியார்களுக்கு அத்தியட்சரின்றியே குருப்பட்டம் கொடுக்க விரும்பியதும் காரணமாகச் சங்கம் அவரை நீக்கியது. அவர் வெளியேறி ஆர்க்காட்டுப் பக்கம் போனார். சபையார் அழைக்கவே திரும்பி வந்தார். உபதேசியார் பலர் அவரோடு நின்றனர். ஓர் ஊருக்குள்ளேயே இரு கட்சி உண்டாயிற்று. 1838 ஜூன் மாதம் அவர் மறைந்தார். பெரும்பகுதியினர் பழைய சங்கத்துக்குத் திரும்பினர். கோதுமையின் விலையையோ அரிசியின் விலையையோ பற்றியதாயிருந்தால் கூட விளங்கிக்கொள்ளலாம்; பனையேறிப் பிழைத்த குடிகள், ஜெர்மானியப் பட்டமா ஆங்கிலப் பட்டமா என்னும் வழக்கில் பிரிந்து நின்றது அவர்கள் தேடிக்கொண்ட விரோதமா என்று கேட்கத் தோன்றுகிறது.

அதன்பின் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்னும் இரு சங்கங்கள் இச்சீமையைத் தம்முள் பங்கிட்டுக்கொண்டன. இரண்டும் ஒரே திருச்சபையின் சங்கங்கள். ஒரே ஜெபபுஸ்தகம், ஒரே அரசியே தலைவி. ஆனால் முன்னது பிரசங்கத்துக்கும் தனிமனிதன் மனந்திரும்புதலுக்கும் முதன்மை கொடுத்தது, பின்னது சடங்குக்கும் அத்தியட்சர் பரம்பரைக்கும் கொடுத்தது. மெஞ்ஞானபுரம், டோனாவூர், பாளையங்கோட்டை ஆகியன ஒரு பக்கம். நாசரேத்து, சாயர்புரம், முதலூர், இடையன்குடி ஆகியன மறுபக்கம். சி.எம்.எஸ். ஊர், எஸ்.பி.ஜி. ஊர் என்று மனிதரை அடையாளம் சொல்லும் வழக்கமே உண்டாயிற்று. 1877 மார்ச் 11-ஆம் நாள் கல்கத்தாவில் கால்டுவெல்லும் சார்ஜென்ட்டும் ஒரே ஆராதனையில் சென்னை அத்தியட்சருக்குத் துணை அத்தியட்சர்களாக அபிஷேகம் பெற்றதை ஐக்கியத்தின் அடையாளமாக எழுதுவோர் உண்டு. உண்மையில் அது பிரிவினைக்கு முடிசூட்டியதேயாகும். ஏனெனில் நாட்டைப் பகுத்து இருவரையும் வைக்காமல், ஒரே நாட்டில் எஸ்.பி.ஜி. சபைகளுக்குக் கால்டுவெல் என்றும், சி.எம்.எஸ். சபைகளுக்குச் சார்ஜென்ட் என்றும் வைத்தார்கள். இருவரும் தனிப்பட்ட முறையில் பண்பாளர்கள். பவர் ஐயர் முன்னின்று நடத்திய வேதாகமத் திருத்தக் குழுவில் ஒன்றாக உழைத்தவர்கள். 1871-இல் வெளிவந்த அந்தத் திருப்புதலையே இன்றளவும் தமிழ் புரொட்டஸ்டண்டு சபைகள் பெரும்பாலும் வாசிக்கின்றன. ஆக, எசேக்கியேலின் இரு கோல்களைப் பற்றி இரு சங்கத்தாரும் ஒரே சொற்களில் வாசித்துவிட்டு, வெவ்வேறு அத்தியட்சரிடம் போய்த் திடப்படுத்தல் பெற்றார்கள்.

சார்ஜென்ட் 1889-இலும் கால்டுவெல் 1891-இலும் காலமானார்கள். 1896-இல் சாமுவேல் மார்லி இரு சங்கத்து ஊர்களுக்கும் சேர்த்து முதல் அத்தியட்சரானார். திருநெல்வேலி அத்தியட்சாதீனம் பிறந்தது. இதற்கு மரணமும் நிர்வாக வசதியும் செய்த உதவி, தீர்க்கதரிசனம் செய்த உதவியினும் குறைந்ததன்று.

இதற்கிடையே நாசரேத்துப் பக்கத்தில் வேறொரு குரல் எழுந்தது. சரித்திரக்காரர் அதை ஓரத்தில் ஒதுக்கிவிட்டது நியாயமன்று. அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, மிஷன் கல்வியில் தேர்ந்த நாடார் குலத்தவர். நாசரேத்திலிருந்த மிஷனெரி கேமரரோடு பிணங்கி வேலையிழந்தவர். நாடார்களைக் குறித்துக் கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட சிறு நூல் அக்குலத்தாரைத் தாழ்த்தி எழுதியதென்று மூண்ட மனக்கசப்பும் சேர்ந்துகொள்ள, 1857-ஆம் ஆண்டையொட்டி அவர் ஐரோப்பியரின் தொடர்பே இல்லாத ஒரு சபையைத் தொடங்கினார். சனிக்கிழமையே ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளே பண்டிகைகள். மிஷனெரிமார் கொண்டுவந்தது ஐரோப்பிய வழக்கம், வேதம் ஐரோப்பாவினதன்று என்பது அவர் வாதம். வேதாகமத்தின் யூத வேரைப் பற்றிக்கொண்டு இங்கிலாந்தின் கிளையை வெட்டிய இந்தத் துணிவைப் படிக்கையில் உவகை உண்டாகிறது. ஆயினும் ஏசாயாவின் பதினோராம் அதிகாரத்தில் கண்ட இடர்ப்பாடு இங்கும் உண்டு: அவர் ஏற்படுத்திய ஒருமை, மூன்றாமவனுக்கு எதிரான ஒருமை, குலத்துக்குள் சேர்ந்த ஒருமை. நெருக்குகிறவனை அவர் சரியாகவே கண்டார். குலத்துக்கு அப்பாலிருந்த அயலானோடு எப்படிச் சேர்வது என்பது அச்சபையின் கேள்வியாக இல்லை.

அடுத்த தலைமுறையில் வெள்ளாளன்விளை குருவானவரின் மகனாக 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, உடைத்துப் போகாமல் உள்ளிருந்தே கேட்டவர். 1903-இல் பாளையங்கோட்டையில் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கம் இந்தியர் பணத்தில், இந்தியர் ஊழியத்தில் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது. அவரே பின்னர் அங்கே போய், 1912 டிசம்பரில் ஆங்கிலத் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். 1910-இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில், வெள்ளையரிடம் தியாகத்தையும் தர்மத்தையும் அல்ல, நட்பையே வேண்டுகிறோம் என்ற கருத்தில் அவர் பேசியது பலருக்குக் கசந்தது. பொறாமையும் நெருக்குதலும் வேறு வேறு நோய்கள் என்று ஏசாயா கண்டதைத் தம் காலத்து மொழியில் சொன்னவர் அவர்; உதவி செய்கிறவன் நெருக்குகிறவனாகவும் இருக்கலாம் என்பதை உதவி பெற்றவன்தானே அறிவான்.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் முப்பத்துமூன்று பேர் கூடினர், இருவர் நீங்கலாக யாவரும் இந்தியர், முன்னின்றவர் அசரியா. தங்களை வேறுபடுத்தும் பிரிவினைகள் தாங்கள் உண்டாக்காதவை, பிறநாட்டுச் சரித்திரத்திலிருந்து தங்கள்மேல் ஏற்றப்பட்டவை என்று அவர்கள் அறிக்கையிட்டார்கள். அங்கிருந்து இருபத்தெட்டு ஆண்டுகள் பேச்சு. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்திய ஐக்கிய சபையார் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். அசரியா அதைக் காணவில்லை. 1945 ஜனவரி முதல் நாள் அவர் உயிர் நீத்தார். எஸ்.பி.ஜி. சங்கம் தன் பொது நிதியிலிருந்து உதவி செய்யத் தயங்கித் தனிக் கணக்கு வைத்தது; ஆந்திரத்தில் நந்தியால் பகுதியார் சேர மறுத்தார்கள். அத்தியட்சருள்ள சபையும் அத்தியட்சரில்லாத சபையும் ஒன்றாக இணைவது அதற்குமுன் உலகில் நடந்ததில்லை என்பதால், ரோமாபுரி தவிர்ந்த சபையுலகம் இதை வியந்து நோக்கியது.

இதில் நாம் பெருமைப்படுவது தகும். ஆனால் எதைக் குறித்து என்று தெளிவது நலம். ஐக்கியத்துக்குத் தலைவரைத் தந்த திருநெல்வேலியில், 1947-க்கு முன்னும் பின்னும் பெரும்பாலான சபைகளின் ஆசனங்களில் மாறுதல் ஏதுமில்லை. இங்கே மெதடிஸ்தரும் ஐக்கிய சபையாரும் சொற்பமே. 1896-இல் ஒரே அத்தியட்சரின்கீழ் வந்த எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். சங்கங்களின் பகையும் இரவல் பகை. கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுக்கலாம். தரங்கம்பாடி அறிக்கை அதைத்தான் செய்தது. எப்பிராயீம், யூதா பகையோ இரவலன்று. அது சொந்த மண்ணில் வேலைச்சுமையிலிருந்து முளைத்தது. அதற்கு நிகரானதைத் தேடினால் சங்கங்களிடம் அன்று, சாதியிடமே போகவேண்டும்.

வடக்கன்குளத்தில் அதைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டி வைத்திருந்தார்கள். 1745-இல் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. அவரை ரோமாபுரி 2022-இல் புனிதராக அறிவித்தது. அவ்வூரில் 1872-இல் எழும்பிய கத்தோலிக்கத் திருக்குடும்ப ஆலயத்துக்கு இரு நீண்ட மண்டபங்கள் உண்டு. இரண்டும் கோணமாக விலகிப் போய்ப் பீடத்தண்டை மட்டும் கூடுகின்றன. அந்நாளில் ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார், நடுவே சுவர். பூசை செய்யும் குருவுக்கு இருவரும் தெரிவர், இருவருக்கும் குரு தெரிவார்; ஒருவர்க்கொருவர் தெரியார். ஆலயத்தின் வடிவையே பகைக்கு இசைய வகுத்த சிற்பத்தை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல், நடுச்சுவர் தகர்க்கப்பட்டது என்று சொல்வது அந்தப் பீடத்திலிருந்து எத்தனை முறை வாசிக்கப்பட்டிருக்கும்!

1910-இல் கௌசானல் என்னும் பிரெஞ்சு இயேசுசபைக் குரு அச்சுவரை இடிப்பித்தார். வெள்ளாளர் நீதிமன்றம் போனார்கள். தனி இடம் தங்கள் வழக்க உரிமை என்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சுவரை இடித்தது நெருக்குதலை ஒழிப்பது. ஏசாயா சொன்ன இரண்டில் அது ஒன்று. அதை அரசாங்கமும் குருவும் செய்யலாம். பொறாமை நீங்குவதாகிய மற்ற பாதியை எவராலும் ஆணையிட்டுச் செய்விக்க முடியாது. ஆனால், மனம் மாறட்டும், பின்பு சுவர் தானே விழும் என்று காத்திருந்தவர்களைக் காட்டிலும் கௌசானல் தீர்க்கதரிசிகளுக்கு நெருங்கியவர் என்றே சொல்லுவேன். ஓதேத் எப்பிராயீமின் மனம் மாறக் காத்திருக்கவில்லை, சேனைக்கு எதிரே போய் நின்றான்.

பிற்காலச் செய்தி ஒன்றையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாயிற்று. 2003-இல் தூத்துக்குடி - நாசரேத் திருமண்டலம் திருநெல்வேலித் திருமண்டலத்தினின்று பிரிந்தது. புதிய எல்லை பழைய சங்க எல்லையைப் பின்பற்றவில்லை: சி.எம்.எஸ். வளர்த்த மெஞ்ஞானபுரமும் எஸ்.பி.ஜி. வளர்த்த நாசரேத்தும் ஒரு புறம் போயின. கால்டுவெல்லின் இடையன்குடியும் சி.எம்.எஸ். டோனாவூரும் மறுபுறம் நின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரவல் பகை சுவடின்றி மறைந்ததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. திருமண்டலத் தேர்தல் காலங்களில் எழும் கட்சிகளின் கணக்கோ சங்கத்தின் கணக்கன்று என்பதை இவ்வூர்களில் வாழ்பவர் அறிவர்.

சாதிப் பகையோ அவ்வாறு மறையவில்லை: திருநெல்வேலிப் பள்ளிகளில் பிள்ளைகள் சாதிக்கொரு நிறமாக மணிக்கட்டில் கயிறு கட்டி வருவதைப் பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சக மாணவரால் வெட்டுண்டபின், அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அக்கயிறுகளையும் அவைபோன்ற அடையாளங்களையும் தடைசெய்யவேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. எசேக்கியேல் கோல்களின்மேல் பெயர்களை முதலில் எழுதினார், பின்பே சேர்த்தார், பெயர்களைச் சுரண்டவில்லை என்று இதற்கு எதிராக ஒரு நண்பர் வாதித்தார். அடையாளம் இருந்தாலும் ஐக்கியம் கூடும் என்பது அவர் கருத்து. எசேக்கியேலின் பெயர்களை எழுதியது சேர்க்கப்போகிற கை. இந்தக் கயிறுகளைக் கட்டிவிடுவது அந்தக் கையன்று என்பதே என் விடை. அன்றியும், அக்காட்சியில் எப்பிராயீமின் பெயரை எழுதியவர் யூதா நாட்டைச் சேர்ந்தவர். தன் பெயரைத் தானே எழுதிக்கொள்வதைப் பற்றி அத்தீர்க்கதரிசனம் ஒன்றும் சொல்லவில்லை.